ஈசூன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குச்சீட்டுப் படம்: நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

2025 மே 3, சனிக்கிழமை. சிங்கப்பூரில் பொதுத்தேர்தல் வாக்களிப்பு நாள். எங்கள் ஈசூன் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இளைஞர், தான் முத்திரை பதித்த வாக்குச்சீட்டைப் படம் எடுத்துப் போட்டார். அன்று இரவு எட்டு மணிக்கு வாக்களிப்பு முடியும்வரை நடந்ததையும் அதற்குப் பிந்தைய சில மாதங்களில் தெரியவந்ததையும் இங்கே எழுதுகிறேன். குழுவை நிர்வகிக்கும் மூவரில் நானும் ஒருத்தி. சம்பந்தப்பட்ட மூன்று பேரிடமும் அனுமதி கேட்டுவிட்டேன். வயது, தொழில் போன்ற அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். யார் எந்தக் கட்சிக்குப் போட்டார் என்பது இதில் வராது.

பின்னணி

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பொங்கல் வைப்பதற்காக 2018ல் தொடங்கிய குழு இது. இப்போது கிட்டத்தட்ட 140 பேர் இருக்கிறோம். யாரோ தவறவிட்ட ஈஸிலிங்க் பயண அட்டை, பிள்ளைகளுக்குத் தமிழ்த் துணைப்பாட ஆசிரியர், ஜோகூருக்குப் போகும் வண்டியில் காலியிடம் என்று பேச்சு ஓடும். 2020 ஜூலைத் தேர்தலின்போது ஒரு சண்டை வந்து இரண்டு குடும்பங்கள் வெளியேறின. அதற்குப் பிறகுதான் "கட்சிப் பேச்சு வேண்டாம்" என்று ஒரு விதி போட்டோம். படத்தைப் பற்றி அந்த விதியில் ஒன்றும் இல்லை. எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளைஞருக்கு வயது 22. தேசிய சேவையை முடித்துவிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார். இது அவருடைய முதல் வாக்கு. இரண்டாமவர் சிறிய உணவு விநியோகத் தொழில் நடத்தும் முதலாளி. எங்கள் பொங்கல் பானைகள் அவர் வேனில்தான் வரும். யாருக்காவது வேலை இல்லையென்றால் முதலில் விசாரிப்பவரும் அவர்தான். அவரிடம் வேலை பார்ப்பவர்கள் ஐந்தாறு பேர் இதே குழுவில் இருக்கிறார்கள். மூன்றாமவர் அந்த ஐந்தாறு பேரில் ஒருவர். கல்யாணமாகித் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து, சில ஆண்டுகளுக்கு முன் குடியுரிமை பெற்றவர். அலுவலகக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார்.

சட்டப் பின்னணியில் இரண்டு விஷயங்கள் இந்தக் கதைக்கு முக்கியம். வாக்களிப்பு நிலையத்துக்குள் படம் பிடிக்கக் கூடாது என்பது தேர்தல் துறையின் விதி. அப்புறம், இங்கே வாக்களிப்பது கட்டாயம். போகாதவர் பெயர் வாக்காளர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். தகுந்த காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி கட்டித்தான் திரும்பச் சேர்க்க முடியும். "நான் அன்னைக்குப் போகலை" என்று சொல்லித் தப்பிக்கும் வழி சிங்கப்பூரில் அநேகமாக யாருக்கும் இல்லை. எல்லாரும் போயிருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இதன் கனம் அன்று காலைதான் எனக்குப் புரிந்தது.

காலை 9.40 முதல் 10.30 வரை

9.40க்குப் படம் வந்தது. வேட்பாளர் படங்கள், கட்சிச் சின்னங்கள், ஒரு கட்டத்தில் பளிச்சென்று பெருக்கல் குறி. கீழே "என் முதல் ஓட்டு!" என்று ஒரு வரி. இருபது நிமிடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இதயங்கள். அதில் ஒன்று நான் போட்டது. பையன் வளர்ந்துவிட்டானே என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. படத்தில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் இந்த மாதிரிப் படத்தைப் பார்க்கும் பெரும்பாலோருக்கு முதலில் வருவது அதே சந்தோஷம்தான்.

10.05க்கு முதலாளி எழுதினார்: "சபாஷ் தம்பி! நம்ம ஆளுங்க எல்லாரும் இப்படிப் போடுங்க, யாரு எந்தப் பக்கம்னு பார்ப்போம்." பின்னால் மூன்று சிரிப்பு முகங்கள்.

சற்று நேரத்தில் வேறோர் உறுப்பினர் தன் மனைவியோடு பள்ளிக்கூட வாசலில் நின்று எடுத்த படத்தைப் போட்டார். வாக்களிப்பு நிலைய அறிவிப்புப் பலகை பின்னால் தெரிந்தது. அதற்கு ஒருவர், "வெளிய நின்னா போதுமா? உள்ள எடுத்தது எங்கே?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அதற்குப் பதில் வரவில்லை. எப்போதும் உடனே பதில் போடும் மனிதர் அவர்.

ஒரு பெரியவருக்கு வேறு கவலை. "சீட்டுல நம்பர் இருக்குமே, படம் வெளிய போனா தம்பியக் கண்டுபிடிச்சிருவாங்களா? நம்மளையும் அப்படிப் பார்ப்பாங்களா?" என்று கேட்டார்.

10.20க்கு அந்த ஊழியர் எனக்குத் தனியாக அனுப்பினார்: "அக்கா, நான் மத்தியானந்தான் போறேன். போட்டோ எடுக்கணுமா? நான் எடுக்கலன்னா அவர் என்ன நெனப்பார்? எடுத்துப் போட்டாலும் என்ன நெனப்பாரோ."

அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். காலையிலிருந்து யாரும் யாரையும் மிரட்டவில்லை. பணம் தருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பையன் ஆசையாக ஒரு படம் போட்டான், ஒரு நல்ல மனிதர் கைதட்டினார். நாற்பது நிமிடத்துக்குள் ஒரு பெண் தன் வாக்கைப் பற்றி இன்னொருவர் என்ன நினைப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

முடிவுகள்

நாங்கள் மூவரும் போனில் பேசினோம். முதல் கேள்வி, படத்தை நீக்குவதா என்பது. ஒருவர், "நீக்கினா தடயத்த மறைச்ச மாதிரி ஆயிடுமே" என்றார். நியாயமான தயக்கம். ஆனால் குழுவில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதை யாராவது வேறு குழுவுக்கு அனுப்பலாம். அந்தப் படம் வாக்களிப்பு நாளில் பரவுவதுதான் பெரிய கெடுதல் என்று முடிவு செய்தோம். வாக்களிப்பு நாளிலும் அதற்கு முந்திய பிரசார ஓய்வு நாளிலும் தேர்தல் விளம்பரம் செய்யக் கூடாது. ஒரு தனிமனிதர் தன் சொந்தக் கருத்தை இன்னொருவருக்குப் பண நோக்கமில்லாமல் இணையவழி அனுப்புவதற்கு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கின் எல்லையை 140 பேர் இருக்கும் ஒரு குழுவை வைத்துச் சோதிக்க எங்களுக்கு மனமில்லை.

இளைஞரை நான் கூப்பிட்டேன். சொல்லாமல் நீக்கினால் அவமானமாக இருக்கும் என்று முதலில் பேசினேன். "வரிசையில நிக்கும்போது அதிகாரி போன எடுக்காதீங்கன்னு சொன்ன ஞாபகம் இருக்கு அக்கா. பேசக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார். அவர் சம்மதித்த பிறகு நிர்வாகி என்ற முறையில் படத்தை எடுத்துவிட்டேன். அவருடைய சொந்தப் போனில் இருப்பதை என்ன செய்வது என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னோம்.

காவல்துறையில் புகார் செய்ய வேண்டுமா என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. ஒருவர் வேண்டும் என்றார், இருவர் வேண்டாம் என்றோம். யாராவது அதிகாரி கேட்டால் நடந்ததை அப்படியே சொல்வது, எதையும் மறுக்கக் கூடாது என்பதில் மட்டும் மூவரும் ஒன்றாக இருந்தோம்.

குழுவை இரவு எட்டு மணிவரை மூடினோம். மூடுவதற்கு முன் நான் எழுதியது: "வாக்களிப்பு நிலையத்துக்குள் படம் எடுக்க அனுமதியில்லை. ஏற்கெனவே வந்த படம் நீக்கப்பட்டுவிட்டது. யாரும் படம் போட வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம். பெரியவர் கேட்ட எண் விஷயம் பற்றி நாளை விளக்கம் வரும்." ஊழியருக்குத் தனியாக: "எடுக்க வேண்டாம். எடுக்கக் கூடாது. யாராவது கேட்டால், விதி அப்படி என்று சொல்லுங்கள்."

அவரிடமிருந்து உடனே பதில் வந்தது: "அப்பாடா. விதின்னு சொல்லிரலாம்."

இந்த 'அப்பாடா'தான் இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது. படம் எடுப்பது அனுமதிக்கப்பட்டிருந்தால் அவருக்கு அந்தப் பதில் இருந்திருக்காது. "எடுக்கலாமே, ஏன் எடுக்கல?" என்பதற்கு அவர் சொந்தமாக ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அது சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

முதலாளியிடம் பேசியது

பதினொரு மணிக்கு அவரைக் கூப்பிட்டேன். ஊழியர் எனக்கு எழுதியதைச் சொல்லவில்லை. யார் பெயரும் எடுக்கவில்லை. அவர் கோபப்பட்டார், கோபத்தைவிட மனவருத்தம் அதிகம்.

"நான் யாரையாவது மிரட்டினேனா? இருபது வருஷமா இந்த ஆளுங்க கூட இருக்கேன். எனக்கென்ன இவங்க ஓட்டு?"

"நீங்க மிரட்டலண்ணே. ஆனா உங்ககிட்ட வேலை பாக்குறவங்க உங்க முகத்துக்கு நேரா 'காட்ட மாட்டேன்'னு சொல்ல முடியுமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்படி நெனக்கலையேம்மா" என்றார்.

அவர் நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நினைத்துக் கேட்பவரைவிட நினைக்காமல் கேட்பவரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். எதிர்ப்பதற்கு அங்கே எதிரி இல்லை. சம்பளம் கொடுப்பவர், வீட்டில் பெரியவர், மாமியார், தலைமைத் தொண்டூழியர் என்று யாராக இருந்தாலும் அவர்கள் அன்பாகக் கேட்பதை மறுக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு.

இரவு, காப்பிக்கடையில்

ஒன்பது மணிக்கு இளைஞரும் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். அவர் பகல் முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார். அவருடைய வாதத்தை முழுதாக எழுதுவதுதான் நியாயம்.

"தப்பு பண்ணிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா விதியே சரியா? ரகசியம்ங்கறது எனக்காகத்தானே? என் ரகசியத்த நானே சொன்னா யாருக்கு நஷ்டம்? நான் யாருக்குப் போட்டேன்னு வாயால சொல்லலாம், படத்தால சொல்லக் கூடாதா?"

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷியர் மாநிலம் 2014ல் வாக்குச்சீட்டுப் படத்தை வெளியிடுவதற்கு 1,000 டாலர்வரை அபராதம் என்று சட்டம் போட்டது. செத்துப்போன தன் நாயின் பெயரைச் சீட்டில் எழுதிப் படம் போட்டவர் உட்பட மூவர் வழக்குத் தொடுத்தார்கள். 2016 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. இப்படிப் படம் எடுப்பதால் வாக்கு விற்பனை நடந்ததாக மாநிலத்தால் காட்ட முடியவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன முக்கியமான காரணம். கலிஃபோர்னியாவில் 2017லிருந்து சட்டப்படியே எடுக்கலாம். இளைஞர் இதையெல்லாம் சரியாகச் சொன்னார். அதே 2016ல் மிச்சிகன் தடையை நிறுத்திவைக்க வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சம்மதிக்கவில்லை, நியூயார்க்கிலும் ஒரு நீதிபதி மறுத்துவிட்டார் என்பதையும் அவரே சொன்னார். நேர்மையான பையன்.

அவருக்கு நான் சொன்ன பதில்: வாயால் சொல்வதும் படம் காட்டுவதும் ஒன்றல்ல. வாயால் பொய் சொல்லலாம். "உங்களுக்குத்தான் அண்ணே போட்டேன்" என்று சொல்லிவிட்டு மனசுக்குப் பிடித்தவருக்குப் போடலாம். ரகசிய வாக்கு ஏழைக்கும் வேலைக்காரருக்கும் கொடுத்த பாதுகாப்பே அந்தப் பொய்தான். படம் வந்தால் அது போய்விடும்.

அங்கே இருந்த இன்னொரு நிர்வாகி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் சொன்னதுதான் இளைஞரைக் கொஞ்சம் அசைத்தது. "எங்க ஊர்ல ஓட்டுக்குக் காசு கொடுப்பாங்க. எங்கம்மா வாங்கிக்குவாங்க. உள்ள போயி அவங்க இஷ்டத்துக்குத்தான் குத்துவாங்க. காசு கொடுத்தவனுக்கு அது தெரியும், ஆனா பார்க்க வழியில்ல. அதனால சாமி மேல சத்தியம் வாங்குவான். கற்பூரத்த அணைச்சுச் சொல்லுன்னு நிப்பான். சத்தியத்துக்கு பயந்து போட்டவங்க இருக்காங்க. போட்டோ எடுக்க விட்டா அவனுக்குச் சத்தியமே தேவையில்ல."

தமிழ்நாட்டில் பணப் பட்டுவாடா காரணமாக 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை இந்தியத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது, 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையின்பேரில் குடியரசுத் தலைவரால் ரத்தானது. அங்கே யாரும் கற்பனையான ஆபத்தைப் பேசவில்லை. இத்தாலி 2008ல் வாக்களிக்கும் மறைவிடத்துக்குள் கைப்பேசியைக் கொண்டுபோகவே தடை போட்டது, அங்கும் வாக்கு வாங்குபவர்கள் படத்தை ரசீதாகக் கேட்பார்கள் என்ற கவலையால்தான்.

"சிங்கப்பூர்ல அப்படி யாரு காசு கொடுக்கறா?" என்றார் இளைஞர். சரியான கேள்வி. காசு இல்லாவிட்டாலும் நடக்கும் என்பதை அன்று காலை பார்த்துவிட்டோம் என்றேன். அந்த ஊழியர் யார் என்று சொல்லாமல் அவர் கேட்டதை மட்டும் சொன்னேன். நியூ ஹாம்ப்ஷியர் நீதிமன்றம் கேட்ட சான்று பற்றியும் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். இப்படிப்பட்ட நெருக்கடி வழக்காக வருவதே இல்லை. அந்தப் பெண் யார்மேல் புகார் கொடுப்பார்? சிரிப்பு முகம் போட்டவர் மேலா?

இளைஞர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. பொய் சொல்லும் வசதியைக் காப்பாற்ற எல்லாருடைய கையையும் கட்டுவது சரியா என்று இன்னமும் கேட்கிறார். எடுத்த படத்தை வெளியிடாமல் தன்னிடமே வைத்துக்கொள்ளவாவது அனுமதிக்கலாமே என்பது அவர் யோசனை. எடுத்த படம் போனில் இருந்தால் அதைக் காட்டச் சொல்லவும் ஆள் இருப்பார் என்பது என் பதில்.

அப்புறம் நடந்தது

மறுநாள் எண் விஷயத்துக்கு விளக்கம் எழுதினேன். கள்ளச் சீட்டையும் ஆள்மாறாட்டத்தையும் தடுக்கத்தான் சீட்டில் வரிசை எண். எண்ணி முடிந்ததும் சீட்டுகளும் அவற்றின் அடிக்கட்டைகளும் முத்திரையிடப்பட்டு ஆறு மாதம் உச்ச நீதிமன்றப் பெட்டகத்தில் இருக்கும், பிறகு அழிக்கப்படும். இடையில் நீதிமன்ற உத்தரவில்லாமல் யாரும் பார்க்க முடியாது. சிங்கப்பூரில் தேர்தல் தொடங்கிய 1948லிருந்து அப்படி ஓர் உத்தரவு பிறப்பிக்கப்பட்டதே இல்லை என்று தேர்தல் துறை சொல்கிறது. பெரியவர் நன்றி சொன்னார். கூடவே இதையும் எழுதினார்: "அரசாங்கம் பார்க்காதுன்னு புரியுது. நாமதான் ஒருத்தர ஒருத்தர் பார்க்கப் பார்த்தோம்."

இளைஞர் ஓர் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போய்விட்டு வந்தார். அங்கே என்ன சொன்னார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்தப் படம் தொடர்பாக அதிகாரிகள் யாரும் இதுவரை எங்களிடம் விசாரிக்கவில்லை. குழுவிலிருந்து வேறு யாருக்கும் அது போனதாகவும் தெரியவில்லை. ஆனால் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து இளைஞரின் அம்மாவிடம் ஒரு உறவினர், "உன் பையன் அந்தப் பக்கமா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி இனி அவர் வாழ்நாள் முழுக்கக் கூட வரலாம். 22 வயதில் எடுத்த முடிவு, மாற்றிக்கொள்ள அவருக்கு எவ்வளவோ தேர்தல்கள் இருக்கின்றன.

முதலாளி திங்கட்கிழமை குழுவில் எழுதினார்: "சனிக்கிழமை நான் கேட்டது தப்பு. யாருக்காவது சங்கடமா இருந்திருந்தா மன்னிக்கணும்." அவரிடம் வேலை பார்ப்பவர்கள் யாரும் அதற்கு இதயம் போடவில்லை. போடாமல் இருந்ததே சரி என்று நினைக்கிறேன், போட்டால் அதுவும் ஒரு பதிலாகிவிடும்.

மீண்டும் நடந்தால் எதை மாற்றுவோம்

முதலாவது, விளக்கத்தை முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும். ஏப்ரல் 15ல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, 23ல் வேட்புமனுத் தாக்கல். எங்களுக்கு இரண்டரை வாரம் இருந்தது. அதில் நாங்கள் பேசியதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் வரிசை குறைவு என்பதுதான்.

முதல் வாக்காளருக்கு ஏதாவது ஒரு நினைவுப் படம் வேண்டும், அதைக் குறை சொல்ல முடியாது. நிலையத்துக்கு வெளியே குடும்பத்தோடு எடுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த முறை முன்னதாகவே சொல்வோம். வாக்காளர் அட்டையைப் படம் எடுத்துப் போட வேண்டாம் என்றும் சொல்வோம், அதில் சொந்த விவரங்கள் இருக்கின்றன. வெளியே எடுத்த படத்துக்கு "உள்ள எடுத்தது எங்கே" என்று யாராவது கேட்டால் நிர்வாகி அந்த நிமிடமே பேச வேண்டும். அன்று நாங்கள் கால் மணி நேரம் சும்மா இருந்தோம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அந்தக் கால் மணி நேரம்தான்.

புகார் பற்றிய கேள்வியில் நாங்கள் மூவரும் இன்னும் பிரிந்துதான் நிற்கிறோம். எடுத்த இளைஞரைவிடக் கேட்டவரின் செயலைத்தான் கடுமையாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. விதி எடுப்பவரைத்தான் பார்க்கிறது. கேட்பவர் எளிதில் கண்ணில் படமாட்டார், அதனால் அந்த வேலையைக் குழுக்களும் குடும்பங்களும்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அதிபர் தேர்தல் 2029ல் வர வேண்டும். அதற்கு முன் அனுப்ப ஒரு குறிப்பு தயாராக இருக்கிறது. இளைஞர்தான் எழுதினார். படம் எடுக்காதீர்கள் என்பதோடு அவர் நிறுத்தியிருந்தார். "யாரிடமும் கேட்காதீர்கள், முக்கியமாக உங்களிடம் வேலை பார்ப்பவர்களிடம்" என்ற வரியைச் சேர்க்கச் சொன்னவர் முதலாளி.

ஊழியர் அன்று நான்கு மணிக்குப் போய் வாக்களித்தார். போன் பையிலேயே இருந்தது என்று மட்டும் சொன்னார். ஆகஸ்டில் வேறொரு நிறுவனத்துக்கு மாறிவிட்டார். சம்பளம் கூடுதல், வீட்டுக்கும் பக்கம், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை அக்கா என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.